ஒரே படம், எத்தனை நகல்கள்?

தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை உடுத்தி, வரவேற்பறை நாற்காலியில் பாட்டி அமர்ந்திருந்தார். அம்மா தம் திறன்பேசியில் அவரைப் படம் எடுத்தார். பாட்டி அப்போதுதான் ஏதோ சொல்லிச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து மறைவதற்குள் படம் பதிவாகிவிட்டது. அன்று மாலைக்குள் அது குடும்பத்தினரின் வாட்ஸ்அப் குழுவுக்குச் சென்றது. ஜோகூரில் வசிக்கும் பெரியம்மா அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது மீண்டும் அம்மாவின் திறன்பேசிக்கே வந்து சேர்ந்தது. அம்மா படத்தின் ஒளியைச் சற்றுக் கூட்டி, இன்னொரு கோப்பாகவும் சேமித்து வைத்தார்.

சில மாதங்கள் சென்றன. சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்று அம்மாவின் திறன்பேசி எச்சரித்தது. உயர்நிலை மூன்றில் பயிலும் மகள் உதவ முன்வந்தாள். பாட்டியின் அதே படம் ஐந்து இடங்களில் இருப்பதைக் கண்டாள். ஒன்று இருந்தால் போதும் என்று எண்ணினாள். அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெரிய கோப்புகளை நீக்கிவிட்டு, மிகச் சிறிய கோப்பை மட்டும் விட்டுவைத்தாள். திறன்பேசியின் திரையில் பார்த்தபோது எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன.

அடுத்த ஆண்டு பாட்டி காலமானார். மாலையிட்டு வைப்பதற்கு ஒரு பெரிய படம் தேவைப்பட்டது. அம்மாவும் மகளும் தேக்காவில் உள்ள புகைப்படக் கடை ஒன்றுக்குச் சென்றனர். கடைக்காரர் கோப்பைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"இதைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும், அக்கா. கேமராவில் எடுத்த மூலப் படம் இல்லையா?" என்று கேட்டார்.

மகள் தலைகுனிந்து நின்றாள். நகல்களை நீக்க நினைத்தது அவள் தவறன்று. எது மூலம், எது நகல் என்று அறியாமல் நீக்கியதுதான் தவறாகிவிட்டது.

நகல்கள் பெருகும் விதம்

பிலிம் சுருளைப் பயன்படுத்திய காலத்தில் ஒரு சுருளில் பெரும்பாலும் 24 அல்லது 36 படங்களே எடுக்க முடியும். ஒவ்வொரு படத்திற்கும் பணம் செலவாகும். ஆகவே, மக்கள் யோசித்த பிறகே பொத்தானை அழுத்தினர். 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் மின்னிலக்கக் கேமராவை உருவாக்கினார். அது ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய திறன்பேசியோ ஒரே விநாடியில் பல படங்களை எடுத்துவிடுகிறது. எதை வைத்துக்கொள்வது என்ற தேர்வு, முன்பு படம் எடுப்பதற்குமுன் நடந்தது. இப்போது எடுத்த பிறகு நடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் அந்தத் தேர்வைத் தள்ளிப்போடுவதால் படங்கள் குவிகின்றன.

நகல்கள் வேறு வழிகளிலும் பிறக்கின்றன. திறன்பேசியில் உள்ள படங்களைக் கணினிக்கு மாற்றும் ஒருவர், முன்பே மாற்றியதை மறந்து மீண்டும் மாற்றுகிறார். பல குழுக்களில் ஒரே படம் வரும்போது திறன்பேசி ஒவ்வொன்றையும் தானாகவே சேமிக்கிறது. படத்தைத் திருத்தும்போது புதிய கோப்பு ஒன்று உருவாகிறது. திரையில் தெரியும் படத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்தால் அதுவும் ஒரு கோப்பாகிறது.

இவற்றைக் கோப்பின் பெயரை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. பல கேமராக்கள் படங்களுக்கு 0001 முதல் 9999 வரை வரிசை எண் இடுகின்றன. 9999ஐ அடைந்ததும் எண் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. அதனால் முற்றிலும் வேறான இரு படங்கள் ஒரே பெயரைக் கொண்டிருக்கலாம். மாறாக, செயலிகள் தம் விருப்பப்படி பெயர் சூட்டுவதால் ஒரே படம் பல பெயர்களில் இருக்கலாம்.

மூன்று வகை நகல்கள்

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் படங்களை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அச்சு அசலான நகல். இரு கோப்புகளிலும் உள்ள தரவு ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்திருக்கும். கணினிக்கு இருமுறை மாற்றப்பட்ட படங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் எதை நீக்கினாலும் இழப்பு இல்லை.

இரண்டாம் வகையில் படம் ஒன்றே; ஆனால் கோப்பு வேறு. சுருக்கி அனுப்பப்பட்ட படம், ஒளி கூட்டப்பட்ட படம், திரைப்பிடிப்பு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே ஒன்று மூலம். மற்றவை அதிலிருந்து பிறந்தவை.

மூன்றாம் வகையில் காட்சி ஒன்றே. ஆனால் படங்கள் வேறு. பிறந்தநாள் அணிச்சல் வெட்டும்போது அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றில் தம்பி கண்ணை மூடியிருப்பான். மற்றொன்றில் தாத்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். இவை உண்மையில் நகல்கள் அல்ல. ஒன்றை ஒன்று ஒத்த தனித்தனிப் படங்கள்.

அந்த மாணவி இரண்டாம் வகை நகல்களை முதல் வகை என்று எண்ணிவிட்டாள்.

கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாடநூலின் பின்னட்டையில் 13 இலக்கங்கள் கொண்ட அனைத்துலகத் தர நூல் எண் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அதன் கடைசி இலக்கம், அதற்கு முன்னுள்ள 12 இலக்கங்களைக் கொண்டு கணக்கிட்டுப் பெறப்படுவதாகும். இடையில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் கணக்கு ஒத்துவராது. முதல் வகை நகல்களைக் கண்டறியும் முறையும் இதைப் போன்றதே. கணினி ஒரு கோப்பில் உள்ள தரவு முழுவதையும் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. இக்குறியீட்டைக் கோப்பின் விரல்ரேகை எனலாம்.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தரநிலையாக வெளியிடப்பட்ட ஷா-256 என்ற முறை, எவ்வளவு பெரிய கோப்பிலிருந்தும் 64 குறிகள் கொண்ட ஒரு விரல்ரேகையைத் தருகிறது. இம்முறையில் கிடைக்கக்கூடிய வெவ்வேறு விரல்ரேகைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்களைக் கொண்ட ஓர் எண்ணாகும். ஆகவே, இரண்டு கோப்புகளின் விரல்ரேகை ஒன்றாக இருந்தால் அவை அச்சு அசலான நகல்கள் என்று நம்பலாம். கோப்பின் பெயரை மாற்றினாலும் விரல்ரேகை மாறாது. ஆனால், படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் விரல்ரேகை முற்றிலும் மாறிவிடும். எனவே, இம்முறை இரண்டாம் வகை நகல்களைக் கண்டுபிடிக்க உதவாது.

இரண்டாம் வகைக்கு வேறொரு வழி உண்டு. கணினி முதலில் படத்தின் நிறங்களை நீக்குகிறது. பிறகு, அதை 9 கட்ட அகலமும் 8 கட்ட உயரமும் கொண்ட மிகச் சிறிய படமாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டத்தை அதன் வலப்பக்கக் கட்டத்தோடு ஒப்பிட்டு, எது அதிக வெளிச்சமானது என்று பார்க்கிறது. ஒரு வரிசைக்கு 8 ஒப்பீடுகள் என 8 வரிசைகளுக்கு 64 ஒப்பீடுகள் நிகழும். ஒவ்வொன்றின் விடையும் 1 அல்லது 0 ஆகும்.

இதை இரவு நேரத்தில் தெரியும் அடுக்குமாடிக் கட்டடத்தோடு ஒப்பிடலாம். 8 மாடிகள், மாடிக்கு 8 சன்னல்கள். சில சன்னல்களில் விளக்கு எரிகிறது, சிலவற்றில் எரியவில்லை. இப்படிப்பட்ட இரண்டு கட்டடங்களை அருகருகே வைத்து, எத்தனை சன்னல்கள் வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். இரண்டோ மூன்றோ மட்டும் வேறுபட்டால் அவை ஒரே படத்தின் நகல்களாக இருக்கக்கூடும். முப்பது சன்னல்கள் வேறுபட்டால் அவை வேறு வேறு படங்கள். இவ்வாறு வேறுபடும் இடங்களை எண்ணும் முறைக்கு, 1950ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதிய கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங்கின் பெயர் வழங்குகிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. படத்தைச் சாய்த்தாலோ அதன் பெரும்பகுதியை வெட்டினாலோ கணினியால் அதை அடையாளம் காண இயலாமல் போகலாம். அடுத்தடுத்து எடுத்த மூன்றாம் வகைப் படங்களையும் அது ஒரே படம் என்று காட்டிவிடலாம். 72 கட்டங்களாகச் சுருங்கிய படத்தில் தம்பியின் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது எங்கே தெரியப்போகிறது? கணினி சந்தேகத்தை மட்டுமே எழுப்புகிறது. முடிவு எடுக்க வேண்டியவர் படத்தின் உரிமையாளரே.

மூலப் படத்தில் மறைந்திருப்பவை

பாட்டியின் மூலப் படம் 3024 படப்புள்ளி அகலமும் 4032 படப்புள்ளி உயரமும் கொண்டது. சுருக்கப்பட்ட படமோ 1200 படப்புள்ளி அகலமும் 1600 படப்புள்ளி உயரமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால், மூலத்தில் ஏறக்குறைய 122 லட்சம் படப்புள்ளிகளும் நகலில் 19 லட்சத்து 20 ஆயிரம் படப்புள்ளிகளும் உள்ளன. அதாவது, ஆறில் ஒரு பங்கைவிடக் குறைவு.

சிறிய திரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அச்சிடும்போதுதான் தெரியும். 12 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட சட்டத்திற்கு மூலப் படத்தை அச்சிட்டால் ஓர் அங்குலத்திற்கு 252 படப்புள்ளிகள் கிடைக்கும். நகலை அச்சிட்டால் 100 மட்டுமே கிடைக்கும். தெளிவான அச்சுக்கு அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் இருப்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல். கடைக்காரர் தயங்கியதற்கு இதுவே காரணம்.

மூலக் கோப்பில் படம் மட்டும் இருப்பதில்லை. படம் எடுத்த நாள், நேரம், கேமராவின் வகை, சில வேளைகளில் எடுத்த இடம் ஆகியவையும் அதற்குள் பதிவாகியிருக்கும். இக்குறிப்புகளை எழுதும் முறைக்கு எக்ஸிஃப் என்று பெயர். அது 1995ஆம் ஆண்டில் ஜப்பானில் வகுக்கப்பட்டது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளின்வழி படமாக அனுப்பும்போது இக்குறிப்புகள் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. எடுத்த இடம் பிறருக்குத் தெரியாமல் போவது பாதுகாப்புக்கு நல்லதே. ஆனால், அந்த நகலை மட்டும் வைத்திருப்பவருக்குப் படம் எடுத்த நாள் தெரியாது. அது வந்து சேர்ந்த நாளே தெரியும். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்க்கும்போது, தீபாவளியன்று எடுத்த படம் வேறு ஏதோ ஒரு மாதத்தில் நிற்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. முக்கியமான படத்தை உறவினருக்கு அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் அதைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு மாறாமல் சென்று சேரும்.

நீக்குவதற்குமுன் செய்ய வேண்டியவை

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. படங்களை நீக்குவதற்கும் அது பொருந்தும்.

முதலாவதாக, எதையும் தொடுவதற்குமுன் படத் தொகுப்பு முழுவதையும் வேறோர் இடத்தில் சேமித்து வைக்க வேண்டும். நகல்களைக் குறைக்கும் வேலையை இன்னொரு நகல் எடுத்துத் தொடங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், கை தவறினால் மீட்டெடுக்க உதவுவது அதுதான்.

இரண்டாவதாக, முதல் வகை நகல்களை நீக்க வேண்டும். இதில் ஆபத்து குறைவு. இவ்வேலையைச் செய்யும் வசதி பல செயலிகளில் உள்ளது. எடுத்துக்காட்டாக, 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஐஓஎஸ் 16 முதல், ஐபோனின் படத் தொகுப்பில் நகல்களைத் தனியே காட்டும் பகுதி இருக்கிறது. நகல்களை ஒன்றிணைக்கும்போது தரமான படத்தையும் அதன் குறிப்புகளையும் அது தக்கவைக்கிறது.

மூன்றாவதாக, இரண்டாம் வகை நகல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கோப்பின் விவரங்களைத் திறந்து, படப்புள்ளிகளின் எண்ணிக்கையையும் படம் எடுத்த நாளையும் ஒப்பிட வேண்டும். படப்புள்ளிகள் அதிகமாகவும் எடுத்த நாள் சரியாகவும் உள்ள கோப்பே பெரும்பாலும் மூலம். அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். பெரிய கோப்பை நீக்கினால் அதிக இடம் கிடைக்கும் என்ற எண்ணம் இங்கேதான் ஏமாற்றிவிடுகிறது. சிறிய நகல்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தாலும் அவை அடைக்கும் இடம் குறைவு. உண்மையாகவே இடம் தேவைப்பட்டால் வேண்டாத காணொளிகளை முதலில் நீக்குவதே சிறந்தது.

நான்காவதாக, மூன்றாம் வகைப் படங்களை நிதானமாகப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். பத்துப் படங்களில் இரண்டை வைத்துக்கொண்டால் போதும். தெளிவான படமே சிறந்த படம் என்று சொல்லிவிட முடியாது. சற்றே மங்கலான படத்தில் தாத்தா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சிரிப்பின் மதிப்பு எந்தச் செயலிக்கும் தெரியாது. ஆகவே, குடும்பப் படங்களைக் குடும்பத்தினரோடு அமர்ந்து தெரிவு செய்வது நல்லது.

ஐந்தாவதாக, நீக்கிய படங்கள் தங்கும் குப்பைத்தொட்டியை உடனே காலி செய்யக்கூடாது. ஐபோனில் நீக்கப்பட்ட படங்கள் 30 நாள்களும், கூகல் ஃபோட்டோஸில் மேகத்தில் சேமிக்கப்பட்டிருந்த படங்கள் 60 நாள்களும் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும். மேலும், திறன்பேசி மேகச் சேமிப்பகத்தோடு இணைந்திருந்தால், ஒரு கருவியில் நீக்கிய படம் மற்றக் கருவிகளிலிருந்தும் மறைந்துவிடக்கூடும். இதை அறியாமல் பலர் படங்களை இழக்கின்றனர்.

நகல் வேறு, காப்பு நகல் வேறு

நகல்கள் அனைத்தும் வீண் என்று நினைத்துவிடக்கூடாது. ஒரே திறன்பேசியில் ஒரு படத்துக்குப் பத்து நகல்கள் இருந்தாலும், அந்தத் திறன்பேசி தண்ணீரில் விழுந்தால் பத்தும் ஒன்றாகப் போய்விடும். அவை இடத்தை அடைக்குமே அன்றிப் பாதுகாப்பைத் தருவதில்லை. வேறு கருவியில், வேறு இடத்தில் இருக்கும் ஒரே ஒரு நகல் அந்தப் பத்தையும்விட மேலானது. அதுவே காப்பு நகல்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதற்கு 3-2-1 என்ற எளிய விதியைப் பரப்பினார். முக்கியமான கோப்பு ஒவ்வொன்றுக்கும் 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வெவ்வேறு வகைச் சேமிப்பு ஊடகங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் 1 பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். திறன்பேசியில் ஒன்று, வீட்டிலுள்ள வன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ ஒன்று என வைத்துக்கொண்டால் இவ்விதி நிறைவேறிவிடும்.

பாட்டியின் படத்திற்கு நேர்ந்ததும் இதை உணர்த்துகிறது. கடையிலிருந்து திரும்பிய அன்று இரவு, அம்மா ஈசூனில் வசிக்கும் மாமாவை அழைத்தார். தீபாவளிக்கு மறுவாரம் அம்மாவின் திறன்பேசியில் இருந்த படங்களை மாமா தம் வன்தட்டுக்கு மாற்றியிருந்தார். முன்பு மாற்றியது நினைவில்லாமல், டிசம்பர் மாதம் மீண்டும் ஒருமுறை மாற்றியிருந்தார். தேடிப் பார்த்தபோது பாட்டியின் மூலப் படம் அங்கே இரண்டு கோப்புறைகளில் இருந்தது.

மறுநாள் கடைக்காரர் அந்தக் கோப்பைத் திறந்து தலையசைத்தார். சட்டமிட்ட படம் பதினாறாம் நாள் சடங்குக்குள் வீட்டுக்கு வந்தது. பாட்டியின் கண்ணோரச் சுருக்கங்கள்கூட அதில் தெளிவாகத் தெரிந்தன.

அந்த வார இறுதியில் மகள் மாமாவின் வீட்டுக்குச் சென்றாள். வன்தட்டில் இருமுறை ஏற்றப்பட்டிருந்த படங்களை ஒப்பிட்டு, ஒரு தொகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றொன்றை நீக்கினாள். ஆனால், அதற்குமுன் அந்தத் தொகுதியை இன்னொரு வன்தட்டில் பதிவு செய்து தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.